பிஸ்கட் கேள்வியும் நாப்பி கேள்வியும்: பிரிட்டன் தலைவர்களை அம்மாக்கள் கேள்வி கேட்ட கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

உங்களுக்குப் பிடிச்ச பிஸ்கட் எது?

சும்மா சொல்லுங்க. டீக்கடை பட்டர் பிஸ்கட், மாரி, கிரீம் வச்சது, எதுவா இருந்தாலும் சரி. பதில் சொல்ல மூணு செகண்டுக்கு மேல ஆகாது. 2009 அக்டோபர்ல பிரிட்டன் பிரதமர் கார்டன் பிரவுன்கிட்ட இதே கேள்வியைக் கேட்டாங்க. பதில் வர கிட்டத்தட்ட ஒரு நாள் ஆச்சு. அந்த ஒரு நாளுக்குள்ள அது தேசியச் செய்தி ஆயிடுச்சு. ஒரு பிஸ்கட்டைப் பத்திக்கூட முடிவெடுக்க முடியாத மனுஷன் நாட்டை எப்படி நடத்துவார்னு பத்திரிகைகள் கிண்டல் பண்ணித் தீர்த்தன.

இந்தக் கதையை நீங்க ஏற்கெனவே ஒரு மீம் அளவுக்குக் கேள்விப்பட்டிருக்கலாம். அன்னைக்கு அந்த மேடையில் பிரவுனிடம் கேட்கப்பட்ட மற்ற கேள்விகள் என்ன, அதுக்கு அடுத்த மாசம் இன்னொரு தலைவர் அதே இடத்துல எப்படி மாட்டினார், கேள்வி கேட்ட பெற்றோருக்குக் கடைசியில என்ன கிடைச்சது, இதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

முதல்ல இடத்தைச் சொல்லிடறேன். மம்ஸ்நெட். பிரிட்டனில் அம்மாவை 'மம்' என்பார்கள். 2000ஆம் ஆண்டு ஜஸ்டின் ராபர்ட்ஸ் என்ற பெண் ஆரம்பித்தது. அவர் முன்பு விளையாட்டுப் பத்திரிகையாளர். இரட்டைக் குழந்தைகளோடு போன ஒரு வெளிநாட்டு விடுமுறை படுமோசமாக முடிந்ததாம். போன இடம் கைக்குழந்தைகளுக்கு லாயக்கில்லைன்னு வேற பெற்றோர் யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்குமே என்ற எரிச்சலில் பிறந்த யோசனை அது. தள்ளுவண்டி எது நல்லது, ராத்திரி பூரா தூங்காத குழந்தையை என்ன பண்றது, மாமியாரை எப்படிச் சமாளிக்கிறது, இப்படித்தான் தொடங்கியது. அங்கே எல்லாருக்கும் புனைபெயர். கணவரைச் சுருக்கி 'டி.ஹெச்.' என்பார்கள், அதாவது 'டார்லிங் ஹஸ்பண்ட்'. பாதி நேரம் அந்த 'டார்லிங்' நக்கலாத்தான் இருக்கும். 'நான் சொல்றது நியாயமில்லையா?' என்று கேட்டு ஊரையே பஞ்சாயத்துக்குக் கூப்பிடும் ஒரு தனிப் பகுதியும் உண்டு.

இப்படி ஒரு இடத்துக்கு ஒரு பிரதமர் ஏன் போகணும்? ஓட்டுக்குத்தான். 2010இல் பொதுத் தேர்தல் வரப்போகுது. சின்னக் குழந்தைகள் வைத்திருக்கும், வேலைக்குப் போகும், எந்தக் கட்சிக்கும் கட்டுப்படாத பெண்களின் ஓட்டு அதைத் தீர்மானிக்கும் என்று கட்சிகள் கணக்குப் போட்டன. பிரிட்டன் அரசியலுக்கு இந்த மாதிரி ஒரு வாக்காளரைக் கற்பனை பண்ணிப் பேர் வைக்கிற பழக்கம் உண்டு. 90களில் 'வூஸ்டர் பெண்' என்று ஒருத்தி இருந்தாள், கற்பனையில். 2010க்கு வந்தபோது பத்திரிகைகள் அந்தத் தேர்தலுக்கே 'மம்ஸ்நெட் தேர்தல்' என்று பேர் சூட்டிவிட்டன. ஆனா அங்கே எழுதுகிறவர்களில் படித்த, நடுத்தர வர்க்கப் பெண்கள் அதிகம். மூணு இடத்துல வேலை பார்த்துட்டு ராத்திரி வீடு திரும்புற அம்மாவுக்குப் பிரதமர்கிட்ட கேள்வி தட்டச்சு பண்ண எங்க நேரம்? மம்ஸ்நெட்டையே ஒட்டுமொத்தப் பெற்றோரின் குரல்னு தலைவர்கள் எடுத்துக்கிட்டது எனக்கு அப்பவும் இப்பவும் சரியாப் படலை.

ஏன் இங்கே தப்பிக்க முடியலை?

தொலைக்காட்சிப் பேட்டிக்கு அரசியல்வாதிகள் பயிற்சி எடுத்துட்டு வருவாங்க. அதுல ஒரு அடிப்படை உத்தி இருக்கு. கேட்ட கேள்வியை ஒரு வாக்கியத்தில் தொட்டுவிட்டு, 'ஆனால் மக்கள் உண்மையில் கவலைப்படுவது எதைப் பற்றி என்றால்...' என்று தான் சொல்ல வந்ததுக்கு மாறிவிடுவது. டிவியில் இது வேலை செய்யும். பேச்சு காற்றோடு போயிடும், பத்து நிமிஷத்துல நிகழ்ச்சி முடிஞ்சிடும். நாடாளுமன்றத்தில் புதன்கிழமை நடக்கும் பிரதமர் கேள்வி நேரத்திலும் அப்படித்தான். அரை மணி நேரம் இரு பக்கமும் சத்தம், சபாநாயகர் அடுத்தவரைக் கூப்பிடுவார்.

எழுத்தில் அது நடக்காது. கேள்வி மேலே நிற்கிறது, பதில் கீழே நிற்கிறது. கேள்வியில் ஒரு எண் கேட்டிருந்து பதிலில் எண் இல்லையென்றால் ஸ்குரோல் பண்றவங்க எல்லாருக்கும் அது தெரியும். கேட்டவர் விடமாட்டார், 'என் கேள்விக்குப் பதில் வரலையே' என்று மறுபடி எழுதுவார். பக்கத்தில் நாலு பேர் 'ஆமா, எனக்கும் அதே சந்தேகம்' என்று சேர்ந்துகொள்வார்கள். குரலை உயர்த்தியோ சிரித்து மழுப்பியோ சமாளிக்க முடியாது, ஏன்னா அங்கே குரலே இல்லை.

இன்னொரு விஷயமும் இருக்கு. பேட்டி எடுக்கும் நிருபர் பொதுவான ஆள். பொருளாதாரம், வெளியுறவு எல்லாம் கேட்பார். இங்கே கேட்கிற அம்மா ஒரே ஒரு விஷயத்தில் நிபுணி. மாவட்ட நிர்வாகம் தன் பிள்ளைக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உதவியாளரை அனுப்புது, எந்தப் படிவத்தை எத்தனை முறை நிரப்பணும், எந்த அலுவலகத்தில் போனை எடுக்கமாட்டாங்க, எல்லாம் விரல் நுனியில். அமைச்சரோட குறிப்புக் காகிதத்துல அந்த அளவுக்கு விவரம் இருக்காது.

பிஸ்கட்டுக்கு அடியில் இருந்த கேள்வி

சரி, பிரவுனுக்கு வருவோம். 2009 அக்டோபர் 16. அன்றைக்கு அந்த அம்மாக்களில் பலர் கோபமாக இருந்தார்கள், அதுக்குக் காரணம் இருந்தது.

பிரிட்டனில் அப்போது 'சைல்டுகேர் வவுச்சர்' என்று ஒரு ஏற்பாடு இருந்தது. உங்க சம்பளத்துல மாசம் 243 பவுண்ட் வரைக்கும் பணமா வாங்காம, குழந்தைக் காப்பகத்துக்குக் கட்டும் வவுச்சரா வாங்கிக்க முடிஞ்சது. அந்தத் தொகைக்கு வருமான வரி இருக்கலை, தேசியக் காப்பீட்டுப் பிடித்தமும் இருக்கலை. அப்பா, அம்மா ரெண்டு பேரும் தனித்தனியா வாங்க முடிஞ்சது. லண்டன் மாதிரி ஊரில் காப்பகக் கட்டணம் வீட்டு வாடகைக்குப் போட்டி போடும். அங்கே இந்தச் சலுகை ஒரு குடும்பத்துக்குப் பெரிய விஷயமா இருந்தது.

செப்டம்பர் கடைசியில் தன் கட்சி மாநாட்டில் பிரவுன் ஒரு அறிவிப்பு செய்தார். இரண்டு வயதுக் குழந்தைகள் 2,50,000 பேருக்கு இலவசக் காப்பக நேரம் தருவோம் என்றார். பணம் எங்கிருந்து? வவுச்சர் சலுகையைப் படிப்படியாக நிறுத்தி. வரி விகிதம் உயர்ந்தால் சலுகையும் உயர்கிறது, அதாவது அதிகம் சம்பாதிப்பவருக்கே அதிகம் மிச்சம், அதை எடுத்து இல்லாதவருக்குத் தருவோம் என்பது அவர் வாதம். காகிதத்தில் நியாயமான வாதம்தான். ஆனா பெரிய சம்பளக்காரங்க மட்டும் வவுச்சர் வாங்கலை. சாதாரண சம்பளத்தில் இருந்த ஏராளமானவர்களும் அதை நம்பித்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். பிரவுனின் சொந்தக் கட்சியின் முன்னாள் அமைச்சர்கள் சிலரே எதிர்த்தார்கள்.

ஆக, அந்த அம்மாக்களில் பலருக்கு மாசச் சம்பளத்தோட நேரடித் தொடர்புள்ள கேள்வி கையில இருந்தது. பிரவுன் வந்தார், அரசுக் கொள்கைகள் பற்றி விரிவாகப் பதில் எழுதினார். நடுவே யாரோ ஒருவர் பிஸ்கட் கேள்வியைப் போட்டார். பதில் இல்லை. இன்னொருவர் கேட்டார். பதில் இல்லை. இப்படிப் பத்து தடவைக்கு மேல். அங்கே பிஸ்கட் ஒரு உள்வட்ட ஜோக். யாராவது அபத்தமாக எதையாவது சொன்னால் ஒரு பிஸ்கட் படத்தைப் போட்டு, போதும் கிளம்புன்னு காட்டுவது அவர்கள் வழக்கம். வெளியில் இருந்து பார்த்த பத்திரிகையாளர்களுக்கு அந்தக் கிண்டல் புரிய வேண்டிய அவசியமே இல்லை. பிரதமர் பிஸ்கட்டுக்குப் பதில் சொல்லாமல் ஓடினார், தலைப்பு கிடைத்துவிட்டது.

அவர் வேணும்னு தவிர்க்கலை என்று பின்னாடி மம்ஸ்நெட் தரப்பே விளக்கம் சொன்னது. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. மறுநாள் பிரதமர் அலுவலகம் பதிலை வெளியிட்டது: கொஞ்சம் சாக்லேட் இருக்கிற எந்த பிஸ்கட்டும் பிடிக்கும்.

இந்த இடத்துல ஒரு சின்ன விஷயம், சொல்லாம விட மனசு வரலை. பிரிட்டனில் சாதா பிஸ்கட்டுக்கு வாட் வரி பூஜ்யம். மேலே சாக்லேட் பூசிட்டா அது ஆடம்பரம், முழு வரி. இந்த வித்தியாசத்தால் 1991இல் ஜாஃபா கேக் என்ற தின்பண்டம் பிஸ்கட்டா கேக்கா என்று தீர்ப்பாயம் வரை வழக்கு நடந்து, கேக்தான் என்று தீர்ப்பானது. பிரவுன் பிரதமராகும் முன் பத்து வருஷம் நிதியமைச்சர். வரி உள்ள பிஸ்கட்டாப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கார்.

சிரிப்பை விடுங்க. வவுச்சர் விவகாரம் என்ன ஆச்சு? டிசம்பரில் அரசு பாதி பின்வாங்கியது. சலுகை தொடரும், ஆனால் புதிதாகச் சேர்கிறவர்களில் அதிக வரி கட்டுவோருக்கும் அடிப்படை விகித அளவுக்குத்தான் கிடைக்கும் என்றார்கள். கோபமான பெற்றோரும் கட்சிக்குள் வந்த எதிர்ப்பும் சேர்ந்து ஒரு அரசு முடிவை மூன்று மாதத்துக்குள் மாற்றின. கார்டன் பிரவுன், மம்ஸ்நெட் என்று தேடினால் இதுவா வருது? பிஸ்கட்தான் வருது.

அடுத்த மாதம், அடுத்த தலைவர்

நவம்பரில் எதிர்க்கட்சித் தலைவர் டேவிட் கேமரன் வந்தார். பிஸ்கட்டுக்குத் தயாராக வந்திருந்தார் என்று வையுங்கள். வெண்ணெயும் சீஸும் வைத்த ஓட்ஸ் பிஸ்கட் என்றார். அதுக்கப்புறம் வந்த லிபரல் டெமாக்ரட் தலைவர் நிக் கிளெக் இன்னும் விவரம்: டீயில் முக்குவதானால் ரிச் டீ, முக்காமல் என்றால் ஹாப்நாப். இது ஹோம்வொர்க் பண்ணிட்டு வந்த பதில்.

ஆனா கேமரனை மாட்டியது பிஸ்கட் இல்லை, நாப்பி. உடல் ஊனமுள்ள குழந்தைகளுக்கு அரசு சுகாதாரச் சேவை நாப்பி தருகிறது. பல இடங்களில் ஒரு நாளைக்கு நாலு என்று கணக்கு வைத்திருந்தார்கள். ஏழு, எட்டு வயதில் தன் உடம்பு மேல் கட்டுப்பாடு இல்லாத ஒரு பிள்ளையை வளர்க்கிற வீட்டில் நாலு போதுமா? ஐந்தாவது தேவைப்பட்டால்? சொந்தக் காசு, இல்லையென்றால் ஈரத்தோடு உட்கார வைக்கணும். இதை நீங்கள் மாற்றுவீர்களா என்று கேட்டார்கள். நேரடியாக, உறுதியாக ஒரு பதில் வரவில்லை. கேட்டவர்கள் விடவில்லை. பதில்கள் மெதுவாக வந்ததிலும் அவர்களுக்கு எரிச்சல்.

இந்த இடம்தான் எனக்கு ரொம்ப நேரம் மனசுல நின்னுச்சு. கேமரனின் மூத்த மகன் ஐவன். கடுமையான மூளை முடக்குவாதம், வலிப்பு நோய். அந்த வருஷம் பிப்ரவரியில்தான், ஆறு வயதில் இறந்திருந்தான். அந்த நாப்பி கேள்வியின் அர்த்தம் அந்தத் திரைக்குப் பின்னால் இருந்த மனுஷனுக்கு வேற எந்த அரசியல்வாதியையும் விட நல்லாத் தெரியும். ஐவன் இறந்த அன்று புதன்கிழமை. பிரதமர் கேள்வி நேரத்தை ரத்து செய்துவிட்டு அவையில் எழுந்து இரங்கல் சொன்னவர் கார்டன் பிரவுன். பிரவுனின் முதல் குழந்தை ஜெனிஃபர் பிறந்த பத்தே நாளில், 2002இல் இறந்துபோனாள். ஒரு மகனுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபணு நோய். நாட்டின் இரண்டு பெரிய கட்சித் தலைவர்களும் குழந்தையைப் பறிகொடுத்த அப்பாக்கள்.

பெற்றோரைப் பெற்றோரே புரிந்துகொள்வார்கள் என்றால் இவர்களைவிடப் பொருத்தமான ஆட்கள் கிடைத்திருக்க முடியாது. ஆனால் அங்கே கேட்டவர்கள் இரக்கத்தைக் கேட்கவில்லை. 'உங்களுக்கும் வலி தெரியும், சரி. நாலை எட்டாக்குவீர்களா?' அவ்வளவுதான் கேள்வி. தனக்கு அந்த வலி தெரியும் என்பதும் பட்ஜெட்டில் அந்த வரியை மாற்றுவதும் வேறு வேறு. அதை ஒரு அனுபவக் கதையால் மூடிவிட அந்த அம்மாக்கள் இடம் கொடுக்கலைங்கிறதுதான் அன்னைக்கு நடந்ததுலயே எனக்குப் பெருசாப் படுது.

பதில் வந்த பிறகு

கேமரன் 2010 மே மாதம் பிரதமரானார். 2011 ஜனவரி. மம்ஸ்நெட்டில் ஒரு தாயின் பதிவு வந்தது. தேர்தலுக்கு முன் கேமரன் நேரில் சந்தித்த தாய்களில் ஒருவர். கடுமையான ஊனமுள்ள மகளை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறவர். இனி முடியவில்லை, மகளை அரசுக் காப்பகத்தில் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன் என்று எழுதியிருந்தார். அவருக்குக் கிடைத்த இடைஓய்வு உதவி வாரத்துக்கு 6 மணி நேரம்.

இடைஓய்வு என்றால் என்ன? 24 மணி நேரமும் ஒரு பிள்ளையைக் கவனிக்கிறவருக்குப் பதிலாகப் பயிற்சி பெற்ற ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்வது. அந்த நேரத்தில்தான் அம்மா தூங்குவார், குளிப்பார், மற்ற பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பார். வாரத்தில் 168 மணி நேரம் இருக்கு. அதில் 6.

செய்தி ஒரே நாளில் நாடு முழுக்கப் பரவியது. அந்தத் தாய்க்குக் கடிதம் எழுதப்போவதாகக் கேமரன் சொன்னார். அரசுத் தரப்பு சொன்ன பதில், இடைஓய்வுக்காக நாலு வருஷத்துக்கு 80 கோடி பவுண்ட் ஒதுக்கியிருக்கிறோம் என்பது. அது பொய் இல்லை. ஆனா ஒரு நுணுக்கம். அந்தப் பணம் உள்ளாட்சிகளுக்கு மொத்த மானியத்தின் ஒரு பகுதியாகப் போனது, 'இதுக்கு மட்டும்தான் செலவழிக்கணும்' என்று கட்டிப்போடவில்லை. அதே நேரம் உள்ளாட்சிகளின் மொத்த நிதியை மத்திய அரசு வெட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் மளிகைக்குத் தனியா ஆயிரம் ரூபாய் கொடுத்துட்டு, குடும்பச் செலவுப் பணத்துல ஐயாயிரத்தைக் குறைச்சிட்டா அந்த ஆயிரம் எங்கே போகும்? மேலே இருப்பவர் நான் கொடுத்தேன் என்பார், கீழே இருப்பவர் எனக்கு வரலை என்பார், ரெண்டு பேர் சொல்றதும் உண்மையா இருக்கும். 2011 ஏப்ரல் முதல் உள்ளாட்சிகள் இடைஓய்வுச் சேவை வைத்திருக்க வேண்டும் என்ற சட்டக் கடமை அமலுக்கு வந்தது. ஒரு குடும்பத்துக்கு எத்தனை மணி நேரம் என்று அந்த விதி சொல்லவில்லை.

கேள்வியைத் திருத்தாமல் கேட்டால்

அதுக்கப்புறம் பல தலைவர்கள் வந்து போனாங்க. வேகமாக 2022க்கு வந்துடறேன். ஜூன் 1, பிரதமர் போரிஸ் ஜான்சன். ஊரடங்கு காலத்தில் தன் அலுவலகத்தில் நடந்த கூட்டத்துக்காகக் காவல்துறை அபராதம் கட்டியிருந்த நேரம். இந்த முறை தட்டச்சு இல்லை, வீடியோ. உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளை ஜஸ்டின் ராபர்ட்ஸ் நேரில் உட்கார்ந்து கேட்டார். முதல் கேள்வியே, நீங்கள் வழக்கமாகப் பொய் சொல்பவர் என்று நிரூபணமாகியிருக்கும்போது நீங்கள் சொல்வதை நாங்கள் ஏன் நம்பணும் என்பதுதான்.

ஒரு நிருபர் இதைக் கேட்டிருந்தால் 'சிலர் விமர்சிக்கிறார்கள், உங்கள் கருத்து என்ன' என்று பஞ்சு சுற்றியிருப்பார். இங்கே எழுதி அனுப்பியது அப்படியே வந்தது. அந்த முடிவை நான் ஏற்கவில்லை, என் ஆட்சியின் செயல்களைப் பாருங்கள் என்ற ரீதியில் ஜான்சன் பதில் சொன்னார். அஞ்சு நாள் கழிச்சு அவர் கட்சி எம்.பி.க்களே நம்பிக்கை வாக்கெடுப்பு நடத்தினார்கள். 211 பேர் ஆதரவு, 148 பேர் எதிர்ப்பு. தப்பித்தார். ஜூலை 7இல் ராஜினாமா அறிவித்தார். மம்ஸ்நெட் பேட்டிதான் அவரைக் கவிழ்த்ததுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, காரணங்கள் வேறு நிறைய.

கடைசியா வவுச்சர் கணக்கை முடிச்சிடறேன், பாதியில விட்டா நல்லா இருக்காது. அந்தத் திட்டத்தில் 2018 அக்டோபருக்குப் பிறகு புதிதாக யாரையும் சேர்க்கவில்லை. அதுக்குப் பதிலாக வந்த திட்டத்தில் பெற்றோர் காப்பகக் கணக்கில் 8 பவுண்ட் போட்டால் அரசு 2 பவுண்ட் சேர்க்கும். வசதி குறைந்த வீடுகளின் இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு வாரம் 15 மணி நேர இலவசக் காப்பகம், பிரவுனுக்குப் பின் வந்த ஆட்சியில், 2013இல் தொடங்கியது. வேலைக்குப் போகும் பெற்றோரின் இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு 2024 ஏப்ரலில் வந்தது. பிரவுனிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட வருஷம் இரண்டு வயதாக இருந்த குழந்தைகள் அதற்குள் பள்ளிப்படிப்பையே முடிக்கப் போகும் வயதுக்கு வந்திருந்தார்கள்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.